ஃபான்கோனி ரத்தசோகை: பிரேக்கேஜ் டெஸ்ட்டை எப்போது கேட்பது, நெகட்டிவ் வந்தால் நம்பலாமா?

பதிவு 1 · மஞ்சள்கொன்றை

குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் படம் புதிதல்ல. ஐந்தாறு வயதுப் பிள்ளை, அடிபடாமலே காலெல்லாம் கன்றிப்போன தடங்கள், பிளேட்லெட் 38,000. ஐடிபி (உடம்பே தன் பிளேட்லெட்டை அழிக்கும் நோய்) என்று எழுதி ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள். பிளேட்லெட் அசைவதில்லை. சில மாதங்களில் ஹீமோகுளோபினும் 8-க்கு இறங்குகிறது. அப்போது பழைய சிபிசி (ரத்த எண்ணிக்கை) தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) முதல் நாளிலேயே 102. அந்த வரியை யாரும் படிக்கவில்லை. பிள்ளை வகுப்பிலேயே குள்ளம். அப்பா தன் அக்கா மகளைக் கட்டியவர்.

ஃபான்கோனியை, அதாவது டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்ய முடியாமல் மஜ்ஜை ஓய்ந்துபோகும் பரம்பரை நோயை, நினைக்க இவ்வளவு போதும் என்பது தெரியும். தெளிவு வேண்டியது அடுத்த படியில், ரத்த செல்லின் குரோமோசோம் மருந்து பட்டு உடைகிறதா என்று பார்க்கும் பிரேக்கேஜ் டெஸ்ட்டில். ரத்தத்தை எந்தக் குழாயில், எவ்வளவு, எந்த நிலையில் அனுப்ப வேண்டும்? ரத்தம் ஏற்றிய பிள்ளைக்குச் செய்யலாமா? நெகட்டிவ் என்று வந்தால் அத்தோடு விட்டுவிடலாமா? இன்னொன்று: ரத்த எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காக இருந்து, இரண்டு வயதில் வில்ம்ஸ் என்ற சிறுநீரகக் கட்டியுடன் வரும் குழந்தைக்கும் இந்த டெஸ்ட்டை யோசிக்க வேண்டுமா?

பதிவு 2 · வெண்ணணு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: யோசிக்க வேண்டும், அதுவும் முதல் கீமோ மருந்து நரம்புக்குள் போவதற்கு முன்னால். விவரத்துக்குப் பிறகு வருகிறேன்.

யாருக்கு அனுப்புவது என்பதில் பலர் கட்டைவிரல் இல்லாத குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள். 1927-இல் சுவிட்சர்லாந்தின் குய்டோ ஃபான்கோனி மூன்று சகோதரர்களிடம் விவரித்த படம் அப்படி மனதில் பதிந்துவிட்டது: ரத்தசோகை, குள்ளம், உடல் குறைபாடு. உண்மையில் இந்த நோய் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்காவது வெளியே தெரியும் குறை எதுவும் இருக்காது. இருப்பவர்களிலும் அது சின்னதாகவே இருக்கும். பிள்ளையின் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றாக விரித்து வைத்து, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை மேட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா? கட்டைவிரல் மற்ற விரல்களின் வரிசையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? சட்டையைக் கழற்றி இடுப்பிலும் அக்குளிலும் பாருங்கள்: பால்காப்பி நிறப் புள்ளிகளும், அவற்றுக்கு நடுவே வெளுத்த புள்ளிகளும். தலைச் சுற்றளவு, கண்ணின் அளவு. வயிற்று ஸ்கேனில் ஒற்றைச் சிறுநீரகம், இடம் மாறிய சிறுநீரகம், குதிரைலாடச் சிறுநீரகம். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும்.

ரத்தத்தில் முதலில் விழுவது பெரும்பாலும் பிளேட்லெட். அதற்கும் முன்பே எம்சிவி ஏறிவிடும், எச்பிஎஃப் (கருவில் இருக்கும் வகை ஹீமோகுளோபின்) கூடும். ஐடிபியில் எம்சிவி ஏறாது. வளர்ச்சி குன்றிய பிள்ளை, பிளேட்லெட் குறைவு, எம்சிவி அதிகம் என்ற மூன்றும் சேர்ந்தால் ஸ்டீராய்டை ஒதுக்கிவிட்டு ரத்தத்தை அனுப்புங்கள். பி12-உம் ஃபோலிக் ஆசிடும் கொடுத்து மூன்று மாதம் பார்ப்போம் என்று தள்ளுவதும் இதே தவறுதான்.

ஏப்ளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை ரத்தம் உண்டாக்காத நிலை) என்று முடிவான ஒவ்வொரு குழந்தைக்கும், தோற்றம் எப்படி இருந்தாலும், ஏடிஜி (நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து) கொடுப்பதற்கு முன் இந்த டெஸ்ட் செய்தாக வேண்டும். ஃபான்கோனியில் ஏடிஜி-சைக்ளோஸ்போரின் வேலை செய்யாது. மாதங்களும் பணமும்தான் போகும்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகத்தில் வரும் ஃபான்கோனி சிண்ட்ரோம் முற்றிலும் வேறு நோய், அதே மருத்துவரின் பெயர் மட்டும்தான். படிவத்தில் வெறுமனே ஃபான்கோனி என்று எழுதினால் லேபில் சிறுநீர் கேட்பார்கள்.

பதிவு 3 · மெட்டாஃபேஸ்

லேப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

குழாய்: சோடியம் ஹெப்பாரின், பச்சை மூடி. ஊதா மூடி ஈடிடிஏ வேண்டாம், அதில் செல் வளராது. பச்சை மூடியிலேயே லித்தியம் ஹெப்பாரினும் உண்டு, அதுவும் செல் வளர்ப்புக்கு ஒத்துவராது. லேபிளைப் படித்துவிட்டு எடுங்க. பெரிய பிள்ளைக்கு 5 மில்லி, சின்னக் குழந்தைக்கு 2-3 மில்லி. எடுத்தவுடன் குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்க. கட்டி தட்டிய ரத்தத்தில் ஒன்றும் செய்ய முடியாது. ஐஸ்ல வைக்காதீங்க, வெயிலில் பைக் டிக்கிலயும் வைக்காதீங்க. அறை வெப்பநிலையில் 24 மணி நேரத்துக்குள் வந்தால் நல்லது, 48 தாண்டினால் வளர்ச்சி சரியும்.

உள்ளே நடப்பது இது. ரத்தத்தைப் பிஎச்ஏ சேர்த்த ஊடகத்தில் போட்டு 37 டிகிரியில் வைப்போம். பிஎச்ஏ, டி லிம்போசைட்டுகளைப் பிளவுபடத் தூண்டும். 24 மணி நேரம் கழித்து ஒரு பாட்டிலில் டிஇபி, அதாவது டைஎப்பாக்சிபியூட்டேன், மில்லிக்கு 0.1 மைக்ரோகிராம் இறுதி அளவாக வருமாறு சேர்ப்போம். இன்னொரு பாட்டில் மருந்தே இல்லாமல் ஓடும். கூடவே, ரத்த உறவில்லாத ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் அதே நாளில், அதே டிஇபி கரைசலில் ஓட வேண்டும். இந்த ஜோடி இல்லாத ரிப்போர்ட்டை ரிப்போர்ட்டாகவே எடுத்துக்காதீங்க. 72 அல்லது 96 மணி நேரத்தில் கோல்செமிட் போட்டுப் பிளவை நிறுத்தி, 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் செல்லை ஊதவைத்து, மூன்று பங்கு மெத்தனால் ஒரு பங்கு அசிட்டிக் ஆசிடில் நிலைப்படுத்தி, ஸ்லைடில் சொட்டி, ஜீம்சா சாயம். பட்டைச் சாயம் போட்டால் சின்ன உடைப்புகள் பட்டைக்குள் மறைந்துபோகும், எண்ணுவதற்கு வெறும் ஜீம்சாதான் நல்லது.

குறைந்தது 50 மெட்டாஃபேஸ் (பிளவின் நடுவில் நிற்கும், குரோமோசோம் தெரியும் செல்) எண்ணுவோம். சாதாரண ஆளின் செல்லில் இந்த அளவு டிஇபிக்கு அங்கொன்று இங்கொன்றுதான் உடையும். ஃபான்கோனி பிள்ளையின் ஸ்லைடை லென்ஸில் வைத்தால் நுழைந்தவுடனேயே தெரியும். குரோமோசோம் கைகள் அறுந்து கிடக்கும். சம்பந்தமே இல்லாத இரண்டு குரோமோசோம்கள் அறுந்த இடத்தில் மாறி ஒட்டிக்கொண்டு, நாலு கை நீட்டிய சிலுவை மாதிரி நிற்கும். சிலது மூன்று கையோடு நிற்கும். ரேடியல் என்பது இதைத்தான். ப்ளூம் சிண்ட்ரோமிலும் நாலு கை வரும், ஆனால் அங்கே ஒரே எண்ணுள்ள ஜோடிக் குரோமோசோம்கள் சமச்சீராகச் சேர்ந்திருக்கும். ஃபான்கோனியில் நீளமான 2-ஆம் குரோமோசோமும் குட்டையான 17-உம் கோணலாகச் சேர்ந்து நிற்கும். பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் போதும்.

எங்கே தவறுகிறது? டிஇபி தண்ணீரில் சிதையும். போன மாதம் கரைத்து வைத்ததைப் போட்டால் எல்லோருக்குமே நெகட்டிவ் வரும். அதனால்தான் ஏற்கெனவே உறுதியான ஒரு நோயாளியின் மாதிரியும் அவ்வப்போது கூட ஓட வேண்டும். டிஇபிக்குப் பதில் மைட்டோமைசின்-சி பயன்படுத்தும் லேப்களும் உண்டு. அது வெளிச்சத்தில் கெடும், பாட்டிலைப் படலத்தால் சுற்ற வேண்டும். டோஸ் கூடினால் கண்ட்ரோலும் (ஆரோக்கியமானவரின் செல்லும்) உடையும், அப்போது எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே கையாள்பவருக்கும் புற்று உண்டாக்கும் பொருள்கள், ஃபியூம் ஹூட், இரட்டைக் கையுறை கட்டாயம். அப்புறம், ஃபான்கோனி செல்கள் டிஇபி பட்டவுடன் பிளவுக்கு முந்தைய ஜி2 கட்டத்திலேயே நின்றுவிடும், மெட்டாஃபேஸுக்கே வராது. ஸ்லைடில் எண்ண 50 கூடக் கிடைக்கவில்லை என்றால் அதுவே ஒரு தடயம், டெஸ்ட் ஃபெயில் என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.

ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுப்பதே நல்லது. ஏற்றிவிட்டார்கள் என்றாலும் தடையில்லை: வெள்ளணு நீக்கிய ரத்தம் என்றால் பிறர் லிம்போசைட் மிகக் குறைவு. தேதியை மட்டும் படிவத்தில் எழுதுங்க.

பதிவு 4 · எக்ஸான்

லேப் நண்பர் மேல் மரியாதை வைத்தே கேட்கிறேன். 20-க்கும் மேற்பட்ட ஃபான்கோனி மரபணுக்களை ஒரே பேனலில் படித்துவிட முடிகிற காலத்தில், ஐந்து நாள் செல் வளர்த்து லென்ஸில் எண்ணும் வேலை முதல் படியாக இன்னும் தேவையா? ஈடிடிஏ ரத்தம் போதும், தூரத்து ஊரிலிருந்து இரண்டு நாள் கழித்து வந்தாலும் டிஎன்ஏ கெடாது. பிரேக்கேஜ் டெஸ்ட் ஒழுங்காகச் செய்யும் லேப்களும் எங்கும் கிடைப்பதில்லை.

பதிவு 5 · மெட்டாஃபேஸ்

டிஎன்ஏ கெடாது, ஒத்துக்கிறேன். ஆனால் பேனல் ரிப்போர்ட்டில் "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று ஒன்று வந்தால் அந்தப் பிள்ளையை என்ன செய்வீங்க மேடம்? 1964-இல் இந்த நோயாளிகளின் குரோமோசோம்கள் தானாகவே உடைவதை முதலில் கண்டார்கள். 1973-இல் மைட்டோமைசினுக்கு இவர்களின் செல் தாங்குவதில்லை என்பது தெரிந்தது. 1981-இல் அவர்பாக் குழு டிஇபியை ஒழுங்கான டெஸ்ட்டாக ஆக்கியது. இவை எல்லாமே செல் என்ன செய்கிறது என்பதைக் கேட்கும் டெஸ்ட்டுகள். எந்த மரபணு கெட்டிருந்தாலும், இதுவரை பெயர் வைக்காத மரபணுவாக இருந்தாலும், சேதத்தைச் சரிசெய்ய முடியாத செல் உடைந்து காட்டிவிடும்.

பதிவு 6 · எக்ஸான்

சரி, அந்த இடத்தில் நீங்கள் சொல்வதே நியாயம். பேனலின் ஓட்டைகளை நானே சொல்லிவிடுகிறேன், கேட்டு வாங்குபவர்களுக்கு உதவும்.

நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகே எஃப்ஏஎன்சிஏ மரபணுதான் காரணம். அதில் பல எக்ஸான்கள் (மரபணுவில் புரதத்துக்கான துண்டுகள்) மொத்தமாக அறுந்துபோன பெரிய இழப்புகள் நிறைய. சாதாரண வரிசைப் படிப்பில் இவை நழுவும். எம்எல்பிஏ அல்லது பிரதி எண்ணிக்கைப் பகுப்பாய்வு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு மாற்றம் மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காத ரிப்போர்ட்டுகள் பலவற்றில் இரண்டாவது இப்படி ஒளிந்திருக்கும்.

தெற்காசியக் குடும்பங்களுக்கு இன்னொன்று. எஃப்ஏஎன்சிஎல் மரபணுவில் பல குடும்பங்களில் திரும்ப வரும் ஒரு மூதாதை மாற்றம் உண்டு. பார்வைக்கு அது புரதத்தின் எழுத்தை மாற்றாத மௌன மாற்றம். ஆனால் எக்ஸானின் கடைசி எழுத்தில் உட்கார்ந்து ஸ்பிளைசிங்கை, அதாவது துண்டுகளை வெட்டி ஒட்டும் வேலையை, கெடுக்கிறது. மௌன மாற்றங்களைத் தானாகத் தள்ளிவிடும் மென்பொருள் வடிகட்டி வைத்திருக்கும் லேப்பில் அது ரிப்போர்ட்டுக்கே வராது.

ஆகவே என் வரிசை: பிரேக்கேஜ் முதலில், பாசிட்டிவ் என்றால் மரபணு அடுத்து. இரண்டாவதை விட்டுவிடவும் கூடாது. எந்த மரபணு என்பதைப் பொறுத்துத்தான் புற்று எந்த வயதில், எங்கே வரும் என்பது மாறுகிறது.

பதிவு 7 · வெண்ணணு

அந்தக் கடைசி வரியிலிருந்து வில்ம்ஸ் கேள்விக்கு வருகிறேன்.

ஃபான்கோனி மரபணுக்கள் எல்லாம் ஒரே பழுதுபார்க்கும் வரிசையில் வேலை செய்பவை. டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் குறுக்கே தைத்துவிடும் சேதம் ஒன்று உண்டு. இழைகள் பிரிய முடியாமல் நகலெடுக்கும் இயந்திரம் அங்கே மாட்டிக்கொள்ளும். வரிசையின் மேல்நிலையில் இருக்கும் கூட்டுத்தொகுதி டி2, ஐ என்ற இரண்டு புரதங்களுக்கு யுபிக்விட்டின் குறியை ஒட்டும். அந்தக் குறியைப் பார்த்து வெட்டும் நொதிகள் வந்து தையலை அவிழ்க்கும். வெட்டிய இடத்தைப் பிழையின்றிச் சேர்ப்பது கீழ்நிலையின் வேலை. அங்கே இருப்பவர்தான் பிஆர்சிஏ2. மார்பகப் புற்றால் எல்லோருக்கும் பெயர் தெரிந்த அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால் வருவது ஃபான்கோனியின் டி1 வகை என்பது 2002-இல் தெரிந்தது. பிஏஎல்பி2 இரண்டு பிரதியும் கெட்டால் ஃபான்கோனியின் 'என்' (N) வகை, இதுவும் அதே மாதிரி.

இந்த இரண்டு வகையும் மற்றவற்றைப் போல நடந்துகொள்வதில்லை. எஃப்ஏஎன்சிஏ பிள்ளைக்கு மஜ்ஜை ஓய்வது ஏழு வயதை ஒட்டி, ரத்தப் புற்று அதற்குப் பிறகு, வாய்ப் புற்று இளம் வயதில். டி1 வகையில் மஜ்ஜை ஓய்வதற்கே நேரம் இருப்பதில்லை. ஏஎம்எல் என்னும் ரத்தப் புற்று, சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா, சிறுநீரகத்தில் வில்ம்ஸ். சில பிள்ளைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. 2007-இல் வெளிவந்த தொகுப்பில், டி1 வகைக் குழந்தைகளுக்கு 5.2 வயதுக்குள் ஏதாவது ஒரு புற்று வரும் திரள் வாய்ப்பு 97 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். சிறிய எண்ணிக்கை நோயாளிகளிலிருந்து வந்த கணக்கு என்றாலும் திசை தெளிவு. இந்தப் பிள்ளைகளின் சிபிசி முதல் நாளில் ஒழுங்காகவே இருக்கலாம். எம்சிவி உங்களைக் காப்பாற்றாது.

அதனால் மூன்று வயதுக்குள் வில்ம்ஸ், மெடுல்லோபிளாஸ்டோமா, ஏஎம்எல் இவற்றில் ஒன்றுடன் வரும் குழந்தைக்கு, பால்காப்பிப் புள்ளி, சிறிய தலை, கட்டைவிரல், சொந்தத்தில் திருமணம், குடும்பத்தில் இளவயது மார்பக அல்லது சினைப்பைப் புற்று இவற்றில் ஏதாவது சேர்ந்தால், பச்சைக் குழாய் ரத்தம் கீமோவுக்கு முன் எடுக்கப்பட வேண்டும். ரிசல்ட் வர ஐந்தாறு நாள். பெரும்பாலான கட்டிகளுக்கு அந்த ஐந்தாறு நாளை ஈடுகட்டலாம். முழு அளவு சிஸ்பிளாட்டினை ஈடுகட்ட முடியாது.

சிஸ்பிளாட்டின், சைக்ளோஃபாஸ்ஃபமைட், ஐஃபாஸ்ஃபமைட், மெல்ஃபலான், பியூசல்ஃபான் எல்லாமே அந்தக் குறுக்குத் தையலைப் போட்டுத்தான் செல்லைக் கொல்கின்றன. லேபில் சொட்டும் டிஇபி என்ன செய்கிறதோ அதையே பிள்ளையின் உடம்பு முழுக்கச் செய்கின்றன. தொண்டையும் குடலும் உரிந்துபோகும், மஜ்ஜை திரும்பி வராது. யாருக்கும் சந்தேகம் வராமல் முதல் சுற்று போய்விட்டதென்றால், அந்தச் சுற்றின் பக்கவிளைவே தடயம்: எதிர்பார்ப்பைத் தாண்டிய வாய்ப்புண், ஆறேழு வாரமாகியும் ஏறாத எண்ணிக்கை. இரண்டாவது சுற்றுக்கு முன் நிறுத்திவிட்டு டெஸ்ட் செய்யுங்கள்.

வில்ம்ஸில் ஒரு வழி இருக்கிறது. வின்கிறிஸ்டின், ஆக்டினோமைசின்-டி குறுக்குத் தையல் போடும் மருந்துகள் அல்ல. அளவைக் குறைத்து, எண்ணிக்கையை அடிக்கடி பார்த்துக்கொண்டே நகரலாம், அறுவையை முன்னுக்குக் கொண்டுவரலாம். மெடுல்லோபிளாஸ்டோமா கடினம், அங்கே கதிர்வீச்சும் பிளாட்டினமும்தான் சிகிச்சையின் முதுகெலும்பு. டி1, 'என்' வகை உறுதியான பிள்ளைக்குக் கட்டி வருவதற்கு முன்பே கண்காணிப்பு வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட், இடைவெளி விட்டு மூளை எம்ஆர்ஐ. சிடி வேண்டாம், எக்ஸ்ரேயும் தேவைக்கு மட்டும்.

பதிவு 8 · மஞ்சள்கொன்றை

நன்றி டாக்டர். நெகட்டிவ் பற்றிய கேள்வி பாக்கி இருக்கிறது.

பதிவு 9 · எக்ஸான்

நெகட்டிவ் என்றால் ரத்தத்தில் நெகட்டிவ், அவ்வளவுதான். சில பிள்ளைகளின் ரத்த மூலசெல் ஒன்றில் கெட்ட மரபணு தற்செயலாகத் தானே திருந்திக்கொள்ளும். திருந்திய செல் மற்றவற்றைவிட நன்றாகப் பெருகும். சில வருடங்களில் லிம்போசைட்டுகளில் பெரும்பகுதி அந்த வாரிசுகளாகிவிடும். டெஸ்ட் எண்ணுவது லிம்போசைட்டைத்தான். நோயாளிகளில் 10 முதல் 25 சதவீதம் பேரிடம் இப்படி இரண்டு வகை செல்லும் கலந்திருக்கும். ரிப்போர்ட்டில் சராசரியை மட்டும் பார்க்காமல் பரவலைப் பாருங்கள். 50 செல்லில் 35 சுத்தம், 15 சிதறிக் கிடக்கிறது என்றால் அது கலவை.

சந்தேகம் பலமாக இருந்து ரத்தம் நெகட்டிவ் என்றால் தோல். 3-4 மில்லிமீட்டர் பஞ்ச் பையாப்ஸி எடுத்து அதிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் (தோலின் செல்) வளர்த்து அதே டெஸ்ட். வளர நாலைந்து வாரம் ஆகும்.

பதிவு 10 · மெட்டாஃபேஸ்

அந்தத் தோல் துண்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஃபார்மலினில் போட்டு அனுப்பாதீங்க! பையாப்ஸி என்றாலே ஃபார்மலின் பாட்டிலை எடுத்து நீட்டுவது கைப்பழக்கம். ஃபார்மலினில் விழுந்த நொடியே செல் செத்தது, திரும்பவும் பிள்ளையைக் குத்த வேண்டியிருக்கும். லேபிலிருந்து முன்கூட்டியே வளர்ப்பு ஊடகக் குழாயை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கோங்க. கிடைக்காத அவசரத்தில் மலட்டு சலைனில் போட்டு அன்றைக்கே கொடுத்துவிடலாம். தோலைத் துடைக்க ஸ்பிரிட், அது காயும்வரை பொறுத்து வெட்டுங்க. அயோடின் செல் வளர்ச்சியைக் கெடுக்கும்.

மஜ்ஜை மாற்று முடிந்த பிள்ளைக்கு ரத்தம் கொடையாளியுடையது. அங்கேயும் தோல்தான். எச்சிலை நம்பாதீங்க, அதில் வெள்ளணு கலந்திருக்கும்.

பதிவு 11 · வார்டு_விளக்கு

மஜ்ஜை மாற்று வார்டிலிருந்து. டெஸ்ட் தாமதமானால் எங்கள் பக்கத்தில் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன்.

ஏப்ளாஸ்டிக் அனீமியாவுக்கு மாற்றுக்கு முன் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைட் கிலோவுக்கு 200 மில்லிகிராம், நாலு நாளில். அதே அளவை ஃபான்கோனி பிள்ளைக்குக் கொடுத்த ஆரம்ப காலத்தில் பிள்ளைகள் மருந்தாலேயே இறந்தார்கள். பாரிஸ் சென் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் குழு அளவைப் பத்தில் ஒன்றாக, கிலோவுக்கு 20-க்குக் குறைத்த பிறகே பிழைக்கத் தொடங்கினார்கள். உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று 1988 அக்டோபரில் அங்கேதான் நடந்தது, ஃபான்கோனி உள்ள ஐந்து வயதுச் சிறுவனுக்கு, பிறந்த தங்கையின் கொடி ரத்தம். இன்று ஃப்ளூடராபின் சேர்த்து சைக்ளோஃபாஸ்ஃபமைடை மொத்தம் 20-40-க்குள் வைக்கிறார்கள். பாதிப் பொருத்தமுள்ள பெற்றோர் கொடையில், மாற்றுக்குப் பின் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடையும் நாளுக்கு 50 என்பதை 25-ஆக்கி பிரேசிலின் குரிட்டிபா குழு காட்டியது. ஆர்டர் ஷீட்டில் ஒரு பூஜ்யம் தவறினால் உயிர் போகும். டோஸைச் சரிபார்க்கும் இரண்டாவது ஆள் நோயின் பெயரையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணனோ தங்கையோ எச்எல்ஏ (திசு வகை) பொருந்திவிட்டது என்ற சந்தோஷத்தில் மறக்கும் ஒன்று: அந்தக் கொடையாளிக்கும் பிரேக்கேஜ் டெஸ்ட். வெளியே ஒன்றும் தெரியாமல் அவருக்கும் இதே நோய் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. கெட்ட மஜ்ஜையை எடுத்துக் கெட்ட மஜ்ஜைக்குப் பதில் வைப்பது போலாகும். ஒரு பிரதி மட்டும் கெட்டவர் கொடுக்கலாம். பிஆர்சிஏ2 குடும்பமாக இருந்தால் அதையும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் ரத்தம் ஏற்றினால் வெள்ளணு வடிகட்டியது, கதிர்வீச்சிட்டது. அப்பா, சித்தப்பா, மாமா என்று சொந்தக்காரர்களிடமிருந்து எடுத்து ஏற்றாதீர்கள். அன்பால் வரிசையில் நிற்பார்கள், அதை மென்மையாகச் சொல்லி வேறு பிள்ளைக்குத் தானமாக ஆக்குங்கள். குடும்ப ரத்தத்துக்கு உடம்பு எதிர்ப்பு கட்டிவிட்டால் பிறகு குடும்ப மஜ்ஜையே ஒட்டாது. யூனிட் எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அது 20-ஐ நெருங்குவதற்குள் மாற்று நடப்பது நல்லது.

ஒட்டிய பின் ஜிவிஎச்டி (கொடையாளியின் செல் பிள்ளையின் உடம்பைத் தாக்குவது) வந்தால் தோல், வாய் இரண்டிலும் பிற்காலப் புற்று அபாயம் இன்னும் கூடும். மற்ற நோய்களில் கொஞ்சம் ஜிவிஎச்டி நல்லது என்பார்கள். இங்கே துளியும் வேண்டாம்.

பதிவு 12 · மஞ்சள்கொன்றை

கொடையாளி கிடைக்கும்வரை டானசால் (ஆண்ட்ரோஜன், அதாவது ஆண் ஹார்மோன் வகை மருந்து) கொடுப்பது பற்றி?

பதிவு 13 · வெண்ணணு

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழ், பிளேட்லெட் 30,000-க்குக் கீழ், நியூட்ரோஃபில் 500-க்குக் கீழ் இவற்றை நோக்கி எண்ணிக்கை இறங்கும்போது, பொருத்தமான கொடையாளி கையில் இல்லை என்றால் கொடுக்கலாம். டானசால் கிலோவுக்கு நாளுக்கு 5 மில்லிகிராம் அளவில் தொடங்குவார்கள். ஆக்சிமெத்தலோன் என்றால் 2. பாதிப் பேருக்கு மேல் பலன் தெரியும், ஹீமோகுளோபின் முதலில் ஏறும், பிளேட்லெட்டுக்கு மாதங்கள் பிடிக்கும். மூன்று மாதத்தில் அசைவே இல்லை என்றால் நிறுத்துங்கள். கல்லீரலில் கட்டியும் ரத்தக் குளங்களும் உருவாகலாம், எல்எஃப்டியும் (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) ஆறு மாதத்துக்கொரு அல்ட்ராசவுண்டும் கட்டாயம். பெண் குழந்தைக்குக் குரல் தடிப்பதும் முடி வளர்வதும் நடக்கும், தொடங்கும் முன்பே அம்மாவிடம் சொல்லுங்கள். எலும்பின் வளரும் முனை முன்கூட்டியே மூடிக்கொள்ளும், ஏற்கெனவே குள்ளமான பிள்ளை.

ஆண்ட்ரோஜன் எண்ணிக்கையை உயர்த்தும், ரத்தப் புற்றைத் தடுக்காது. ஏறிய எண்ணைப் பார்த்து மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளிவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை மஜ்ஜை எடுத்து குரோமோசோம் பார்க்க வேண்டும். 1-ஆம் குரோமோசோமின் நீண்ட கை கூடியிருந்தால் பதறாமல் கவனித்துக்கொண்டிருக்கலாம். 3-இன் நீண்ட கை கூடினாலோ 7 ஒன்று காணாமல் போனாலோ உடனே மாற்றுக்கு நகருங்கள்.

பதிவு 14 · கொடிவழி

மரபு ஆலோசனையில் இருந்து சில வார்த்தை.

தாய்மாமன்-அக்கா மகள், அத்தை மகன்-மாமன் மகள் கல்யாணங்களில் பிறந்த பிள்ளைக்கு இது வந்தால், குடும்பத்தில் முதலில் கை நீளுவது அம்மாவை நோக்கி. பெரும்பாலான வகைகளில் இரண்டு பேரிடமிருந்தும் ஆளுக்கொரு கெட்ட பிரதி வந்திருக்கிறது என்பதைத் தாத்தா பாட்டி உட்கார்ந்திருக்கும்போதே சொல்லுங்கள். அம்மா வழியாக மட்டும் ஆண் பிள்ளைக்கு வருவது எஃப்ஏஎன்சிபி என்ற அரிய வகை ஒன்றுதான். சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இந்த நோய் வரும், அதனால் "அந்நியம் என்றால் டெஸ்ட் வேண்டாம்" என்று விடக்கூடாது.

ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பித்தது என்று கணக்குப் போடுகிறார்கள், அது தவறு. இரண்டு பெற்றோரின் மாற்றங்களும் தெரிந்திருந்தால் 11-13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம். இந்தக் காரணத்துக்காகவே மரபணு ரிப்போர்ட்டைப் பிள்ளை உயிரோடு இருக்கும்போதே வாங்கிவையுங்கள். பிறகு கேட்டால் டிஎன்ஏ இருக்காது.

டி1, 'என்' வகை என்றால் அம்மா, அப்பா இருவருமே பிஆர்சிஏ2 அல்லது பிஏஎல்பி2 சுமப்பவர்கள். பிள்ளையின் சிகிச்சையில் மூழ்கி அம்மாவின் மார்பகப் பரிசோதனையை யாரும் எழுதுவதில்லை. பெற்றோர் இருவரின் சகோதரிகளுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

பணம் பற்றி: 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் ஒருமுறைச் சிகிச்சையால் குணமாகும் முதல் பிரிவில் ஃபான்கோனி பெயரோடு இருக்கிறது. 2022 முதல் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், சிகிச்சை முடிந்த பிறகு கேட்பது கடினம். உறவில்லாத கொடையாளிக்கு சென்னையில் உள்ள தாத்ரி பதிவேட்டில் தேடலை டெஸ்ட் பாசிட்டிவ் ஆன அன்றே தொடங்குங்கள்.

பதிவு 15 · கடைவாய்ப்பல்

மாற்று முடிந்தால் ரத்தம் குணமாகும், வாய் பழைய செல்லிலேயே இருக்கும். வாய், தொண்டைப் புற்று அபாயம் பொது மக்களைவிடப் பல நூறு மடங்கு. பத்து வயது முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாக்கின் ஓரம், அடிநாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். நாக்கை ஒரு காஸ் துணியால் பிடித்து இரு பக்கமும் வளைத்தால்தான் பின்ஓரம் தெரியும், அங்கேதான் அதிகம் வருகிறது. ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ மூன்று வாரம் தாண்டினால் பையாப்ஸி. மவுத்வாஷில் ஆல்கஹால் இல்லாதது. வீட்டில் வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி இருந்தால் அது பிள்ளைக்கு எட்டாத இடத்தில் அல்ல, வீட்டுக்கு வெளியே. எச்பிவி (புற்று உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசி ஒன்பது வயதில், ஆண் பிள்ளைக்கும்.

ஆல்கஹால் ஏன் என்று கேட்பார்கள். 2011-இல் கேம்பிரிட்ஜில் கே. ஜே. படேல் குழு எலிகளில் காட்டியது: ஆல்கஹால் சிதைந்து வரும் அசிட்டால்டிஹைடே ஃபான்கோனி செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கிறது. வெளியிலிருந்து விஷம் வராமலேயே மஜ்ஜை ஓய்ந்துபோவதற்கும் உடம்பே உண்டாக்கும் ஆல்டிஹைடுகள்தான் பெரிய காரணம் என்று இப்போது கருதுகிறார்கள்.

பதிவு 16 · மஞ்சள்கொன்றை

போதுமான தெளிவு கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக, ரத்தத்தோடு போகும் படிவத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பதிவு 17 · மெட்டாஃபேஸ்

பிள்ளையின் வயது, கேள்வி என்ன என்று ஒரு வரி: "ஃபான்கோனி ரத்தசோகை சந்தேகம், டிஇபி பிரேக்கேஜ்". வெள்ளணு மொத்தம், லிம்போசைட் சதவீதம். 2,000-க்குக் கீழ் என்றால் கூடுதலாக 2 மில்லி எடுங்க. கடைசி ரத்தம் ஏற்றிய தேதி. ஸ்டீராய்டு, கீமோ எதாவது போயிருந்தால் மருந்தும் தேதியும். பெற்றோர் உறவுமுறை. கீமோ காத்திருக்கிறது என்றால் மேலே சிவப்பில் எழுதிப் போனும் பண்ணுங்க, அந்த பாட்டிலை முதலில் எண்ணுவோம். வெள்ளிக்கிழமை மாலை கூரியரில் போடாதீங்க, ஞாயிறு முழுக்க அலுவலக அறையில் கிடந்து திங்கட்கிழமை செத்த ரத்தமாக வரும். ஞாயிறு மாலை அல்லது திங்கள் காலை எடுத்து அனுப்பினால் வெள்ளி, சனிக்குள் எண்ணி முடித்துத் தர முடியும்.